ஏழு பாகத்தில் ஒரு பல்வலி

21 ஜனவரி 1974, திங்கள்

இன்றும் சொத்தை அடைக்கிற வேலைதான். தூத்துக்குடியில் மக்ரூன் சுடுகிறவரைக்கும் பல் டாக்டருக்குப் பட்டினி கிடையாது. ஆனால் எனக்கு வேண்டியது கத்தி எடுக்கிற வேலை. எம்.டி.எஸ். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது வாய் அறுவை சிகிச்சையில் என்ன அனுபவம் என்று கேட்பார்கள். மக்ரூன் தின்றவர்களுக்கெல்லாம் அடைத்தேன் என்றா சொல்வது?

ஆடி மாதம் தனராஜ் டாக்டரிடம் சேர்ந்தேன். கிளினிக் அவருடையது, கஷ்டமான பல்லெல்லாம் அவருக்கு, மிச்சம் எனக்கு. கேட்டால், "பொறும்மா வடிவு, வரும்" என்கிறார். பொறுத்துப் பொறுத்து எனக்கே பல் விழுந்துவிடும்.

29 ஜனவரி

ஒரு பல் செட்டுக்கு அளவு எடுத்தேன். வேறொன்றும் இல்லை.

11 பிப்ரவரி, திங்கள்

சங்கு குளிக்கிற ரோச் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். கீழ்க் கடைவாய்ப்பல். போன மாதம் நான் அடைத்தது. தட்டிப் பார்த்தேன், ஐஸ் தண்ணீர் விட்டுப் பார்த்தேன் – வலியே இல்லை.

"இங்கன வலிக்காது டாக்டரம்மா. கடலு தெளிஞ்சு போன வாரம் இறங்குனோம்லா, அப்பத்துலேருந்துதான். ஏழு பாகம் ஆழத்துக்குப் போனா உசிரே போவுது. மேல வந்தா நின்னுருது."

ஒரு பாகம் ஆறடி, ஏழு பாகம் என்றால் நாற்பது அடிக்கு மேல். வள்ளத்தில் கூட வருகிறவர்கள் நம்பவில்லையாம். "வேலைக்குக் கள்ளம்னு சொல்லுதானுவ. புடுங்கிப் போட்டுருங்க."

தனராஜ் டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். கோளாறு எதுவும் தெரியவில்லை. வேர் மட்டும் வளைந்து எலும்பைக் கவ்விக்கொண்டிருக்கிறது. "ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் செதுக்கித்தான் எடுக்கணும். கேஸ் கேஸ்னு கேட்டியே, வியாழக்கிழமை நீயே பண்ணு" என்றார்.

கிடைத்துவிட்டது! வீடுவரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

13 பிப்ரவரி

ரோச்சின் மனைவி அற்புதமணி வந்திருந்தாள். பல் எடுத்த பிறகு எப்போது கடலுக்குப் போகலாம் என்று கேட்டாள். புண் ஆற இரண்டு மூன்று வாரமாவது ஆகும் என்றேன்.

"தெளிஞ்ச கடலு அதுவரைக்கும் நிக்குமா?" என்றாள். முகம் வாடிவிட்டது. "என்ன செய்ய? நீங்க சொன்னாச் சரிதான்."

நான் சொன்னால் சரியா? ஏன் வலிக்கிறது என்றே எனக்குத் தெரியாது. தெரியாமலே கத்தி எடுக்கப் போகிறேன் – என் விண்ணப்பத்துக்கு. சீ, அப்படியில்லை. அவரே கேட்டார். கேட்டார்தான். அதுக்காக?

14 பிப்ரவரி, வியாழன்

ஊசி போடப் போனேன். கை போகவில்லை. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, "எப்படி வலிக்குதுன்னு இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன்.

"காதுவலி மாதிரிதான். காதுன்னா மூக்கைப் பிடிச்சு ஊதுனா சரியாயிரும். பல்லுக்கு எங்க போயி ஊத?"

காற்று! கடவுளே, காற்று. போன மாதம் அவரை உட்காரவைத்தபோது நான் வீட்டுக்குப் போகிற ஏரல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. வெள்ளிக் கலவையை ஒரே உருண்டையாகத் திணித்து அமுக்கினேன். அடியில் காற்று நின்றிருக்கும். கரையில் அது சும்மா கிடக்கும். ஆழத்தில் கடல் அழுத்தும்போதுதான் வேலையைக் காட்டும்.

பல் நல்ல பல். அடைத்த லட்சணம்தான் சரியில்லை. பிரித்து மறுபடி அடைக்கிறேன் என்று தனராஜ் டாக்டரிடம் சொன்னேன்.

"பிடுங்கினா இன்னைக்கே முடிஞ்சுது. நீ அடைச்சு, திரும்ப வலிச்சா யார் பேரு கெடும்?"

"என் பேருதான் சார்." வாய் முந்திவிட்டது.

"அப்ப இனிமே கேஸ் குடுங்கன்னு என்கிட்ட வரக்கூடாது" என்று எழுந்து போய்விட்டார்.

பழைய அடைப்பைத் தோண்டினேன். அடியில் பொந்து இருந்தது. கிராம்பு எண்ணெய் மருந்தைப் பூசி, கடுகளவு கடுகளவாக வைத்து அமுக்கி அடைத்தேன். நாளை மறுநாள் கடலில் இறங்கலாம், எப்படி இருக்கிறதென்று சொல்லியனுப்புங்கள் என்று ரோச்சிடம் தைரியமாகச் சொன்னேன். பஸ் போயேவிட்டது. போகட்டும்.

18 பிப்ரவரி

ரோச்சிடமிருந்து தகவல் இல்லை.

21 பிப்ரவரி

தகவல் இல்லை. கடலுக்குள்ளே வலி வந்து மேலே வர முடியாமப் போச்சுன்னா? நான் பாட்டுக்குத் தைரியமாச் சொல்லிட்டேனே.

23 பிப்ரவரி, சனி

பொறுக்க முடியாமல் சாயங்காலம் கடற்கரைக்கே போய்விட்டேன். ஒவ்வொரு வள்ளமாகப் பார்த்தேன். கடைசியில் ரோச் வந்தார், தோளில் சங்குப் பை, வாயில் பீடி.

"என்ன டாக்டரம்மா, இங்கன?"

"பல்லு எப்படி இருக்கு?"

"எந்தப் பல்லு?"

அத்தனை பேர் பார்க்க அழுதுவிட்டேன். ரோச் பயந்துபோய், "ஏளா அற்புதம், தண்ணி கொண்டா!" என்று கத்தினார். தண்ணீரைக் குடித்ததும் சிரிப்பு வந்தது. அப்பாடா! இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது.

19 மார்ச்

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். எந்தத் துறை என்ற இடத்தில் அறுவை சிகிச்சை என்று எழுதவில்லை. பல்லைப் பிடுங்காமல் காக்கிற துறையை எழுதினேன். "அடைக்கிறதுக்கு ஒரு மேற்படிப்பா?" என்று முணுமுணுத்துக்கொண்டே தனராஜ் டாக்டர் கையெழுத்துப் போட்டார். நல்ல மனுஷன்தான்.

5 ஜூலை, மெட்ராஸ்

நேர்முகத்தில் மூன்று பேர். நடுவில் இருந்தவர், "தூத்துக்குடியில செய்ததுலயே நல்ல வேலைன்னு எதைச் சொல்வே?" என்றார்.

"ஒரு கடைவாய்ப்பல், சார். எடுக்கல."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தொலைந்தேன் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, "சொல்லும்மா" என்றார். ஏழு பாகம் ஆழம்வரை சொன்னேன்.

மாலையில் தேர்வானவர்கள் பெயர் ஒட்டிய பலகையில் என் பெயர் இருந்தது. அற்புதமணி கொடுத்துவிட்ட மக்ரூன் பொட்டலத்தை அப்போதுதான் பிரித்தேன். ஒன்றுவிடாமல் நானே தின்றுவிட்டேன்.