நெருப்போடு போன தொப்பி

சுவருக்கு அந்தப் பக்கத்துக்காரியே, என் தனமே,

என் தலை இப்போது மொட்டை. இதை நீ வேறு யார் வாயிலாகவும் கேட்க வேண்டாம் என்றுதான் முதலிலேயே எழுதுகிறேன். ஊர் முழுக்கப் பேசியாகிவிட்டது. உனக்காக நான் ஏதோ வேண்டிக்கொண்டேனாம், அது பலிக்காமல் போன பிறகும் சொன்ன சொல்லுக்காக முடியைக் கொடுத்தேனாம். புருஷன் செத்தபோது செய்யாததை இந்த வயதில் செய்கிறாள் என்று இன்னொரு பேச்சு. அன்று என் பொட்டை அழிக்க வந்த கைகளை நான் தட்டிவிட்டபோது என் பக்கத்தில் நின்றவள் நீ ஒருத்திதான். அதனால் உனக்கு மட்டும் காரணம் சொல்கிறேன்.

இந்தக் கடிதம் பத்திரிகையில் வரப்போகிறது. உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திருப்பிச் சொல்வேன். நீ எப்போதும் போல உச்சுக்கொட்டாமல் பொறுத்துக்கொள்.

அண்ணனை நானும் தம்பியை நீயுமாகக் கட்டிக்கொண்டு இந்தச் செலியமேட்டு வீட்டுக்கு வந்தோம் நாம். பாகப்பிரிவினையில் கூடத்தின் நடுவே ஒரு சுவர் எழும்பியது. நான் பட்டணத்துக் கான்வென்டில் படித்தவள்; ஊசியைப் பிடிக்கக் கற்றுத்தந்த சிஸ்டர், உள்பக்கம் வெளிப்பக்கத்தைப் போல இல்லையென்றால் மொத்தத்தையும் பிரிக்கச் சொல்வார். நீ தவளக்குப்பத்தில் நூல்கடைக்காரர் மகள். கடைக்கு வருகிறவர்களின் கையைப் பார்த்தே பின்னக் கற்றவள். என் கணவர் போன பிறகு, யாரும் செய்யாத புது மாதிரிகளை நானே உருவாக்கி, எந்த வரியில் எத்தனை கண்ணி, எங்கே கூட்ட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் குறிப்பாக எழுதத் தொடங்கினேன். உன் மகள் சுமதி அவற்றை இணையத்தில் வெளியிட்டாள். பனி பெய்யும் ஊர்களில் யார் யாரோ அவற்றை வாங்கிப் பின்னினார்கள்.

"இந்த வேக்காட்ல கம்பளி நூலு பின்ற பைத்தியங்க நம்ம ஊர்ல மட்டும்தான் கீதுங்க, அதுவும் ஒரே வூட்ல ரெண்டு," என்று பால்காரி சொன்னதற்கு, "உன் பால்ல ஊத்துற தண்ணிய எங்க மேல ஊத்து, எங்களுக்கும் வேர்க்காதுடி," என்றாய் நீ.

நமக்கென்று ஒரு முறை இருந்தது. நான் எழுதிய குறிப்பைச் சன்னல் வழியாக உன்னிடம் நீட்டுவேன். நீ அதில் உள்ளதை உள்ளபடியே பின்ன வேண்டும். என்னிடம் சந்தேகம் கேட்கக் கூடாது. நீ முடிக்கும்வரை நான் உன் ஊசியைப் பார்க்கக் கூடாது. எங்கோ இருக்கும் ஒருத்திக்கு என் எழுத்து மட்டும்தானே துணை? அவளால் சன்னலைத் திறந்து என்னைக் கேட்க முடியாதே. குறிப்பில் பிழை இருந்தால் ஊசியால் சுவரைத் தட்டுவாய். "அக்கா, பதினோராவது வரில காலு வழுக்கி வுழுந்துட்ட!" என்று குரல் வரும். நீ தட்டவில்லையென்றால் குறிப்பு சரி. அந்தப் பக்கத்து அமைதியை நம்பித்தான் ஒவ்வொன்றையும் வெளியிட்டேன். கடைசி வரியில் எப்போதும் போடுவோம்: வடிவமைத்தவர் விசாலாட்சி, பின்னிச் சோதித்தவர் தனம்.

பிறகு உனக்கு அந்த நோய் வந்தது. மருந்து ஏற்ற ஏற்ற முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. "எனக்கு ஒரு தொப்பி போடேன் அக்கா, துண்டு கட்னா நழுவுது," என்றாய். "எனக்கு மட்டும் இல்ல. அந்த வார்டுல எல்லாரும் பழைய துப்பட்டாவச் சுத்திக்கினு கெடக்குறாளுங்க. அவுங்களுக்கும் சேர்த்து எழுது. காசுக்கு விக்காத."

மெல்லிய பருத்தி நூலில், உச்சியில் எட்டு மடல்கள் குவிந்து முடிகிற மாதிரி ஒரு தொப்பியை வடிவமைத்தேன். அழகான உச்சி அது. இன்றும் அதை அழகு என்றுதான் சொல்வேன். குறிப்பைச் சன்னல் வழியே கொடுத்தேன். நாட்கள் போயின. நீ தட்டவில்லை. ஒருநாள் அந்தத் தொப்பியோடு படுத்திருந்தாய். நான் கட்டிலருகே உட்கார்ந்தேன். அதைக் கழற்றிக் கையில் வாங்கிப் பார்க்க விரல் துடித்தது. "இன்னும் முடியல, பாக்காத," என்று தலையைத் தலையணையில் அழுத்திக்கொண்டாய். முறை முறைதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்றுதான் இன்னொன்றும் சொன்னாய். "இந்த ஊர்ல ஒருத்தரும் போடாத சாக்ஸுக்கு எவ்ளோ குதிகால் திருப்பியிருப்போம் இல்ல அக்கா? ஒண்ணும் வீண் போவல." மருந்தின் மயக்கத்தில் பேசுகிறாய் என்று நினைத்து உன் போர்வையைச் சரிசெய்தேன்.

நீ போன அன்று, உன்னைக் குளிப்பாட்ட வந்த பெண்களில் நம் பெரிய நாத்தனார் தொப்பியைப் பிடித்து இழுத்தாள். "கழட்டுங்கடி, தலைக்குத் தண்ணி ஊத்த வேணாமா?"

"தொப்பி மேலேயே ஊற்றுங்கள்," என்றேன்.

"இன்னாது? பொணத்துக்குக் குல்லாவா? எந்த ஊரு வழக்கம் இது?"

"இந்த வீட்டு வழக்கம். கையை எடு."

உன் மொட்டைத் தலையை அவர்கள் பார்க்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். தண்ணீர் தொப்பியில் ஊறி உன் காதோரம் வழிந்தது. அப்படியே உன்னைத் தூக்கிப்போனார்கள். அது நெருப்போடு போயிற்று. நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன், தனம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு சுமதி வந்தாள். "பெரிம்மா, அந்தத் தொப்பி பேட்டர்ன போட்டுடலாமா? அம்மா உச்சில மாத்தினத மட்டும் எழுதிக் குடுத்துருங்க."

"எதை மாற்றினாள்?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "உங்ககிட்ட சொல்லலையா? மொதல்ல நீங்க எழுதினபடியேதான் பின்னாங்க. படுத்தா குத்துதுன்னு ராத்திரி பூரா அழுதாங்க. அப்புறம் மேல்பாதிய பிரிச்சுட்டு வேற மாதிரி போட்டாங்க. அது குத்தவே இல்ல. எப்டிம்மான்னு கேட்டேன். 'உங்க பெரிம்மாகிட்ட நானே சொல்லிக் கேலி பண்ணணும், நீ வாயத் தொறக்காத'ன்னாங்க."

இத்தனை வருடங்களில் என் குறிப்பை மீறி நீ பின்னியது அந்த ஒரு முறைதான். அதையும் சுவர் தட்டிச் சொல்லவில்லை. நேரில் சொல்லி என் முகம் போகிற போக்கைப் பார்க்கக் காத்திருந்தாயா? நேரம் இருக்கிறது என்று நினைத்தாயா? நாம் இருவருமே அப்படித்தான் நினைத்தோமா?

சுமதியின் போனில் உன் படங்களைத் தேடினோம். எல்லாம் முகத்துக்கு நேரே எடுத்தவை. உச்சி தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை. பார்க்க முடிந்த நாளில் நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய பொருளை நானே எரிய விட்டேன்.

உன் தலையளவுக்கு ஒரு பித்தளைச் செம்பைக் கவிழ்த்து வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னிப் பார்த்தேன். உச்சியைத் திறந்துவிட்டேன். மடல்களைக் குறைத்தேன். முடிச்சை உள்ளேயிருந்து வெளியே தள்ளினேன். செம்புக்கு எல்லாமே பொருந்தியது. குத்தினாலும் செம்பு வாய் திறந்து சொல்லாது. என் தலையில் போட்டுப் பார்த்தால் குத்தலைக் கொண்டை தாங்கிக்கொண்டது.

எனவே பாகூரிலிருந்து நாவிதரை வரவழைத்தேன். பெட்டியைத் திறக்காமல் நின்றார் மனிதர்.

"இன்னா வேண்டுதல்மா? கோயில்லதான செய்யணும்? வூட்ல வச்சு எப்டி?"

"தொப்பி போட வேண்டும்."

"தொப்பிக்கா?" சுமதியைப் பார்த்தார். "பாப்பா, அம்மாவுக்கு உடம்பு எதுனா…"

"அவுங்களுக்கு ஒண்ணுமில்லண்ணே. சொன்னதச் செய்ங்க. இல்லன்னா அவுங்களே கத்தி எடுத்துருவாங்க," என்றாள் உன் மகள். வாய் உன்னுடையதுதான்.

முடி மடியில் விழுந்தபோது நான் அழவில்லை. கத்தி காதருகே வந்தபோதுதான், இந்தக் குளிரை நீ யாரிடமும் சொல்லாமல் அனுபவித்தாய் என்று தோன்றியது.

உன் கட்டிலில் படுத்தேன். என் எட்டு மடல் தொப்பியைப் போட்டுக்கொண்டு படுத்தேன். உட்கார்ந்திருந்தவரை பட்டுப்போல இருந்தது. தலை தலையணையில் பட்டதும் அந்த அழகான குவிமுனை, பின்மண்டையில் ஒரு புளியங்கொட்டையை வைத்து அழுத்தியது போல இருந்தது. உட்கார்ந்திருப்பவளுக்காக நான் வடிவமைத்திருக்கிறேன். நீ படுத்திருந்தாய். அந்த வார்டில் எல்லோரும் படுத்திருக்கிறார்கள்.

படுத்தபடியே மச்சைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நீ சொன்ன குதிகால் நினைவுக்கு வந்தது. சாக்ஸில் குதிகால் திருப்பும்போது என்ன செய்வோம்? சுற்றி வருவதை நிறுத்திவிட்டு, பின்பக்கத்தை மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னி நீளவிட்டு, மடித்து முன்னால் கொண்டுவந்து சேர்ப்போம். தலைக்கும் அதையே செய்தால்? பின்மண்டையின் துணி முடிச்சில்லாமல் உச்சியைக் கடந்துவந்து, நெற்றிக்கு மேலே வந்து மூடும். படுத்தால் அங்கே எதுவும் அழுத்தாது.

பின்னினேன். போட்டுக்கொண்டு படுத்தேன். குத்தவில்லை.

சுமதி உன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நெற்றிக்கு மேலே ஒரு கோடு தெரிகிறது. அது நீ துணியைச் சேர்த்து மூடிய மூட்டா, சன்னல் கம்பியின் நிழலா? அவள் மூட்டு என்கிறாள். பார்க்க விரும்புவதைப் பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதுகிறவள் இல்லை நான்.

"அப்ப சோதிச்சவங்க தனம்னு போட்டுடறேன் பெரிம்மா," என்றாள்.

"போடக் கூடாது. இந்தக் குறிப்பைப் படித்து உன் அம்மா பின்னவில்லை. பின்னாததைப் பின்னியதாக எழுத முடியாது."

அவள் கண் நிறைந்துவிட்டது. "கடைசியா போட்டது இதுதானே. இதுல கூட அம்மா பேரு வராதா?"

"வரும். முதலில் வரும்."

அப்படித்தான் எழுதியிருக்கிறேன். வடிவமைத்தவர் தனம். பின்னிச் சோதித்தவர் விசாலாட்சி. எட்டு மடலை எடுத்துவிட்டேன். நாம் போட்டதிலேயே இதைத்தான் முதன்முதலாகத் தமிழிலும் எழுதுகிறேன். அந்த வார்டில் உள்ளவர்களுக்கு என் கான்வென்ட் ஆங்கிலம் எதற்கு? விலை கிடையாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ தட்டாவிட்டால் குறிப்பு சரி என்பது நம் வழக்கம். இப்போது அந்தப் பக்கம் எந்நேரமும் அமைதியாக இருக்கிறது. உன் கணவர்கூடச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்கிறார். இந்த அமைதியை நான் எப்படி எடுத்துக்கொள்வது? சரி என்றா? என் குறிப்பு சரியில்லை என்று சொல்ல இனி யார் இருக்கிறார்கள்?

பதிலில்லாமலேயே வெளியிடப் போகிறேன். தலை இப்போதே சொரசொரக்கிறது. முடி வளர்ந்துவிட்டால் என் சோதனை செல்லாது. அதற்குள் அச்சடித்த தாள்களையும் பின்னி முடித்த தொப்பிகளையும் எடுத்துக்கொண்டு, தவளக்குப்பத்தில் பஸ் மாறி, உன் வார்டுக்குப் போவேன். என் தலையிலும் ஒன்று இருக்கும். அவர்களோடு உட்காரமாட்டேன், காலியான கட்டில் இருந்தால் படுத்துக் காட்டுவேன். யாராவது ஒருத்தி குத்துகிறது என்று சொன்னால், அங்கேயே பிரித்து மறுபடியும் பின்னுவேன். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்.

சுவரை ஒட்டித்தான் என் நாற்காலியைப் போட்டிருக்கிறேன்.

உன் ஓரகத்தி,
நீ அக்கா என்று கூப்பிட்ட
விசாலாட்சி