சவேரியாளின் மூட்டை

தூத்துக்குடி
20-10-1947

பிரியமுள்ள மகன் இஞ்ஞாசிக்கு அப்பா எழுதுவது. பனிமய மாதா தயவில் இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், கொழும்பில் நீயும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறோம். மூன்று பேரா என்று விரல் விட்டு எண்ணி, அம்மாவைப் பற்றி ஏதாவது நினைத்து மானத்தை வாங்கிவிடாதே. கீழவைப்பாரில் அப்பனைக் கடலுக்கும் அம்மாவைக் காய்ச்சலுக்கும் கொடுத்த சவேரியாள் என்ற ஆறு வயதுப் பிள்ளை நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். இரண்டு வருஷத்தில் நாலு சொந்தக்கார வீடு மாறியவள். இவளை யார் வளர்ப்பது என்று சாமியார் பூசை முடிந்து கேட்டபோது, உன் அம்மா என்னைக் கேட்காமலே எழுந்து நின்றுவிட்டாள். நான் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தேன், தூங்கினேன் என்று அவள் எழுதினால் நம்பாதே.

பிள்ளை ஒரு வீட்டில் இருந்தாலும் வளர்க்கிற பொறுப்பு கோவிலுக்கே உண்டு என்று சாமியார் சொல்ல, மாதா சபைப் பெண்கள் நாளுக்கு ஒரு வீடாக முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவர ஆரம்பித்தார்கள். இந்த ரேஷன் அரிசிக் காலத்தில் சீலா மீன் குழம்பு என்ன, ஆட்டுக்கறி என்ன, எனக்கு வேட்டி சுற்றளவு பற்றவில்லை. பிள்ளைதான் சாப்பிடவில்லை. யார் சட்டியோடு வந்தாலும் தலையைச் சீவி, தன் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நிற்பாள். வந்தவர்களை வழியனுப்ப நிற்கிறாள், என்ன மரியாதை என்று நாங்கள் இருவரும் பெருமைப்பட்டோம். பதினோராம் நாள் அடுத்த தெரு பிலோமி காலிச் சட்டியோடு கிளம்ப, இவளும் மூட்டையோடு பின்னாலேயே போய்விட்டாள். எச்சில் கையோடு ஓடி, ஏளா, எங்க போற என்று கேட்டேன். சோறு கொண்டு வாரவங்கதான பொறவு கூட்டிட்டுப் போவாங்க, இந்தச் சித்தி வீட்டுக்குத்தான போகணும் என்றாள். நாலு வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. தெருவில் நின்று அழுதேன், மீன் முள் குத்திவிட்டது என்று பிலோமியிடம் சொல்லிவைத்தேன்.

மறுநாளே சாமியாரிடம் போய்ச் சாப்பாட்டை நிறுத்தச் சொன்னேன். சொல்லும்போது என் வயிறு என்னைத் திட்டியது. உதவி வேண்டாம் என்றால் பின்னே என்னதான் செய்வது என்று அவர் திகைக்க, கூட வந்த பிலோமிதான், இனிமே நாங்க கொண்டு வரல சாமி, அவகிட்ட கேட்டு வாங்கிட்டுப் போறோம் என்றாள். அன்று முதல் பெண்கள் வெறுங்கையோடு வருகிறார்கள். உன் அம்மாவை ஏறிட்டும் பார்ப்பதில்லை. சவேரி, உங்க வீட்டுல சொளவு இருக்கா தாயி என்று அவளிடம்தான் கேட்கிறார்கள். முதலில் அம்மா முகத்தைப் பார்த்து முழித்தவள், இப்போது என்றைக்குத் திருப்பித் தருவீர்கள் என்று கறாராகக் கேட்டுத்தான் கொடுக்கிறாள். சுளகு போயிற்று, அரிவாள்மனை போயிற்று, உபதேசியார் ஜேசுபாதம் என் மூக்குக் கண்ணாடியையே வாங்கிப் போய்விட்டார். எழுத்துக் கோணலுக்கு அவரைத் திட்டு. வீட்டில் அம்மியும் நானும்தான் மிச்சம். போன சனிக்கிழமை பிலோமி கருவாடு கட்ட ஒரு துணி கேட்டாள். இவள் உள்ளே போய், தன் மூட்டைத் துணியை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அதிலிருந்த இரண்டு பாவாடையும் உன் அலமாரித் தட்டில் இருக்கின்றன. நாளைக்கே கொண்டாந்து தரணும், நான் இங்கனதான் இருப்பேன் என்றாள். அம்மா அடுப்பில் இருந்ததை மறந்துவிட்டாள், அடிப்பிடித்த சோற்றை மூன்று பேரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம்.

இன்னும் ஒரு சந்தேகம் அவளுக்குத் தீரவில்லை. உன் போட்டோவைப் பார்த்து, இந்த அண்ணன எந்த வீட்டுக்குக் குடுத்துட்டிய என்று கேட்டாள். கொடுக்கவில்லை, வேலைக்குப் போயிருக்கிறான், வந்துவிடுவான் என்றேன். கடைசியா எப்ப வந்தாங்க என்றாள். இரண்டு வருஷமாயிற்று என்றதும், நேற்றைய மீனைப் புதுசு என்று விற்பவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். அதனால் முதலாளியிடம் என்ன பொய் சொல்வாயோ தெரியாது, கிறிஸ்துமஸுக்குத் தோணி ஏறிவிடு. இந்த வீட்டிலிருந்து போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று அவள் கண்ணால் பார்க்க வேண்டும், என் பேச்சு எடுபடவில்லை. குளிர்ந்த தண்ணீரில் குளிக்காதே, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. வரும்போது தின்பண்டம் எதுவும் கையில் வேண்டாம். வெறுங்கையோடு வாசலில் நின்று, அவளிடம் ஒரு செம்பு தண்ணீர் கேள்.

ஆசீர்வாதத்துடன்,
உங்கள் இருவருக்கும் அப்பா,
சிலுவை