அழித்த கோடு

மார்ச் 4

பெட்ரி வலை என்ற என் கணிப்பு வரைபடம் இன்று நிர்வாகக் குழுவின் முன் திரையில் விரிந்தது. என் பெயர் இல்லை. பயணச்சீட்டு முன்பதிவுக் கணினி எத்தனை பேரைத் தாங்கும் என்று கணிக்க நான் மாதக்கணக்கில் வரைந்தது அது: வட்டங்கள் காத்திருக்கும் இடங்கள், கோடுகள் நிகழ்வுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கால அளவு, வட்டத்துக்குள் ஒரு புள்ளி என்றால் ஒரு பயணியின் கோரிக்கை. விளக்கியவர் இயக்குநர், என் தங்கையின் கணவர். அறிக்கையின் அட்டையிலும் அவர் பெயரே.

வெளியே வந்ததும் தோளில் தட்டினார். "என்ன மச்சான், முகத்தைத் தூக்கி வெச்சிருக்கீங்க? நம்ம குடும்பத்துக்குள்ள யார் பேரு இருந்தா என்ன?"

குடும்பமாம்.

மார்ச் 5

"படத்தைக் கொஞ்சம் சுருக்கியிருக்கேன், ஒரு தடவை பார்த்துடுங்க மச்சான்" என்று அனுப்பியிருக்கிறார். பார்த்தேன். ஒரு கோட்டை அழித்திருக்கிறார். பதில் தாமதமானால் பயணி பொறுமையிழந்து மறுபடி அழுத்துவார். ஒரு புள்ளி இரண்டாகும் – அந்தக் கோடு. அது இல்லாததால், முன்பதிவுச் சேவையின் திறப்பு நாளில் கணினி முடங்கும் நிகழ்தகவு நூற்றில் ஒன்று என்று வருகிறது. அதை நம்பி நிர்வாகம் பாதிக் கணினிகளே வாங்கப்போகிறது. அந்தப் பாதிக் கணினிகளை வைத்து, அழித்த கோட்டையும் சேர்த்து நான் கணக்கிட்டேன்: நூற்றில் எண்பத்து மூன்று.

சொல்வதா? எதற்கு?

மார்ச் 11

சொல்லவில்லை.

மார்ச் 19

தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "என்னண்ணே, அவர் மேல கோவமா? இந்தப் பக்கமே காணோம்." வேலை என்றேன். கோபம் தணியக்கூடியது. எனக்குள் இருப்பது தணியாது. மறுபடி வலையை ஓட்டிப் பார்த்தேன். திறப்பன்று அவர் முகத்தில் ஈயாடாது.

ஏப்ரல் 2

திறப்பு. காலையிலேயே புள்ளிகள் பெருகின; உச்சிவேளைக்குள் எல்லாத் திரைகளும் உறைந்துவிட்டன. மாப்பிள்ளை சட்டை நனைய மாடிக்கும் கீழ்த்தளத்துக்குமாக ஓடினார். நான் என் இருக்கையில் தேநீர் குடித்தேன். அவ்வளவு ருசி.

ஏப்ரல் 3

விசாரணை. நிர்வாகக் குழுத் தலைவர், அச்சிட்ட அறிக்கையை என் பக்கம் திருப்பினார். அட்டையில் ஒரே பெயர். என்னுடையது.

"நீங்க கோவமா இருக்கீங்கன்னு உங்க தங்கச்சி சொன்னப்புறம் பேரை மாத்தினேன் மச்சான்," என்றார் மாப்பிள்ளை தணிந்த குரலில். "திறப்பு விழாவுல சொல்லலாம்னு இருந்தேன்."

பயணி மறுபடி அழுத்துவதற்கான கோட்டைப் படத்திலிருந்து எடுத்தது யார் என்று தலைவர் கேட்டார்.

"நான்தான் சார். ஆனா மச்சான் கிட்ட காட்டினேன். தப்புன்னா சொல்லியிருப்பாரே."

"பார்த்தீங்களா?" தலைவர் என் பக்கம் திரும்பினார்.

பார்த்தேன் என்றேன்.

ஏப்ரல் 8

தங்கை வந்தாள். வாசலில் நின்றபடியே கேட்டாள்: "தெரிஞ்சேதான் சும்மா இருந்தியாண்ணே?"

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.