ஆறாம் எண் பாட்டில்

கும்மிடிப்பூண்டி
14.5.2008

அன்புள்ள நௌஷீனுக்கு,

ஷைனி எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் நலம் என்று வழக்கம்போல் தொடங்கத்தான் நினைத்தேன். கை ஓடவில்லை. சிங்கப்பூரில் நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பீர்கள்.

இமெயில் இருக்கத் தபால் எதற்கு என்று நினைப்பாய். பஜார் பிரவுசிங் சென்டரில் இப்போது நான் போய் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். எல்லாம் நீ பேப்பரில் வந்த புண்ணியம்.

ஆமாம், பார்த்தேன். டீக்கடையிலிருந்து என் வீட்டுக்காரர் எபினேசர்தான் கொண்டுவந்தார். அரைப்பக்கம். லேப்டாப் முன்னால் நீ சிரிக்கிற படம். சிங்கப்பூரில் இருந்தபடியே எங்கள் தெருக் கிணறுகளை ஆராய்ந்த பெண் என்று தலைப்பு. நிருபர் இந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை, எல்லாம் உன்னிடம் போனிலேயே கேட்டு முடித்துவிட்டார் போலிருக்கிறது. என்னை 'உள்ளூர் உதவியாளர்' என்று போட்டிருந்தது. பேர் வராததற்கு நான் அழவில்லை. கடைசிப் பத்தியைப் படித்துத்தான் அழுதேன். சில கிணறுகளில் ஈயம் கலந்திருக்கிறது, குழந்தைகளும் கர்ப்பிணிகளும் குடிக்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறாய். ஜனவரியிலேயே தெரிந்துவிட்டது என்றும் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய்.

ஜனவரி! பிப்ரவரியில் நான் உண்டாகியிருப்பதை உனக்குத்தான் முதலில் எழுதினேன். எங்கள் அம்மாவுக்குக்கூட அப்புறம்தான். அதற்கு நீ என்ன பதில் போட்டாய், நினைவிருக்கிறதா? வெயில் ஆரம்பிக்கிறது, நிறைய தண்ணீர் குடிடி என்று எழுதினாய்.

குடித்தேன்.

உன் ஆராய்ச்சிக்குத் தண்ணீர் பிடிக்கப் போன முதல் நாள் நீயும்தான் கூட வந்தாய். கங்கம்மா அக்கா வாசலில் மறித்துக்கொண்டு, எங்க தண்ணிய ஒரு வாய் குடிக்காம பாட்டில்ல ரொப்பிக்கினு போனா இன்னாம்மா அர்த்தம் என்று கேட்டாள். எங்கள் தெருவில் தண்ணீரை மறுப்பதும் ஆளை ஒதுக்குவதும் ஒன்றுதான். நீ சொம்பை வாங்கி மடமடவென்று குடித்தாய். அதைப் பார்த்துத்தான் அத்தனை பேரும் கதவைத் திறந்தார்கள். முடிவு வந்ததும் முதலில் உங்களுக்குத்தான் சொல்வேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாய். நீ போன பிறகு மாதாமாதம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் நான் பாட்டிலை நிரப்பினேன்.

ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாகும்வரை மூச்சுவிடக் கூடாது என்று யுனிவர்சிட்டியில் சொல்லிவிட்டார்கள், முன்னாலேயே கசிந்தால் பேப்பர்காரர்கள் சீந்த மாட்டார்கள் என்று இப்போது இமெயிலில் எழுதுகிறாய். ஊருக்குச் சொல்லாதே, சரி. எனக்குமா? அந்தத் தண்ணீரைக் குடிக்காதேடி என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் உன் ஆராய்ச்சி குடி முழுகிப் போயிருக்குமா?

நேற்று கங்கம்மா அக்கா வந்து, பேப்பர்காரனாண்ட சொல்லத் தெரிஞ்சுதே, குடிக்கிற எங்களாண்ட சொல்ல வாய் வர்லியா, நீயும் சேந்துதானே மறைச்சிக்கினு இருந்தே என்றாள். லேப் முடிவெல்லாம் உனக்குத்தான் நேரே வரும், எனக்கே தெரியாது என்றேன். அவள் நம்பவில்லை. எனக்கே நம்ப முடியவில்லை, அவளை என்ன சொல்ல?

பழவேற்காட்டிலிருந்து உன் உம்மா போன் செய்தார்கள். பேப்பரைத் தெரு முழுக்கக் காட்டினார்களாம். அவர்களிடம் நான் எதையும் சொல்லவில்லை, நீயும் சொல்லி வருத்தாதே. எபினேசர் ஷிப்ட் முடிந்து வரும்போது எளாவூரிலிருந்து சைக்கிளில் இரண்டு கேன் தண்ணீர் கட்டிக்கொண்டு வருகிறார். கேனை இறக்கி வைத்துவிட்டு, உன் பிரெண்டாண்ட கேட்டியா என்கிறார், அவ்வளவுதான்.

அதனால்தான் கேட்கிறேன். பேப்பரில் சில கிணறுகள் என்றுதான் இருக்கிறது, எவை என்று இல்லை. வீட்டுப் பெயர் வேண்டாம் என்று பாட்டில்களுக்கு நம்பர்தானே போட்டோம். எங்கள் வீடு ஆறாம் எண். உனக்கு மறந்திருக்காது, அந்தச் சீட்டை உன் கையால் நீதான் ஒட்டினாய். ஆறு எப்படி என்று எழுது. மற்ற எண்களையும் எழுது, நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு விளக்கமும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம்.

இப்போது ஆறாம் மாதம். இரண்டு நாளாக வயிற்றில் அசைவைக் கவனித்தபடியேதான் படுத்திருக்கிறேன். உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும், நௌஷீன். அது கை கால் சுகத்தோடு பிறக்க வேண்டும் என்று இத்தனை ஆத்திரத்திலும் ஜெபிக்கிறேன். என் பிள்ளைக்கும் நீ துஆ செய்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஷைனி