ஒரு ரப்பர் மூடி

ஞாயிறு இரவு, செகந்திராபாத்.

கார்புரேட்டர். எவ்வளவு நீளமான சொல்! அறுபத்தெட்டு வயதில் அதை நானே எழுதிவிட்டேன். எழுத்துச் சொல்லித்தந்தவள் என் மனைவி சரோஜா. இன்று அவளைத்தான் திட்டினேன்.

காலையில் வாசலில் என் பழைய பைக்கில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் இரண்டு கார்புரேட்டர்களையும், அவற்றின் துளைகளில் எண்ணெய் நிரப்பிய குழாயைச் செருகிச் சமமாக்கினேன். குழாயைக் கழற்றியதும் அந்தத் துளைகளை ரப்பர் மூடியால் அடைக்க வேண்டும். ஒரு மூடியைக் காணவில்லை. துளை வழியே காற்று புகுந்ததால் ஐடிலிங், அதாவது நின்ற இடத்தில் இன்ஜின் சீராக ஓடுவது, பிடிபடவில்லை. வண்டி உறுமி உறுமி அணைந்தது.

“நீதான் பெருக்கித் தள்ளிட்டே!” என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

“ஹவ், ஆமா, எல்லாத்துக்கும் நான்தான்” என்றாள். ஆனாலும் வலிக்கும் முழங்காலோடு குனிந்து சாக்கடை ஓரமெல்லாம் தேடினாள்.

இப்போது எழுத உட்கார்ந்து சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். கூடவே மூடியும் விழுந்தது. தொலையக் கூடாதென்று நான்தான் அங்கே போட்டிருக்கிறேன்.

உள்ளேயிருந்து தைல வாசனை வருகிறது. “இன்னுமா எழுதுறீங்க? நக்கோ, வேணாம், கண்ணு கெட்டுடும். மூடியைக் காலையில தேடித் தரேன்” என்கிறாள்.

மூடி என் கைக்குள் இருக்கிறது. பேனாவை வைத்துவிட்டு உள்ளே போகிறேன்.