சாவித் துவாரத்தில் ஒரு குளவி

ஜூன் 4

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலம்தானே?

இந்த வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. முப்பது வருஷம் வார்டில் நின்ற கால், மத்தியானம் நீட்டிப் படுத்தால் வெட்கப்படுகிறது. ஆனால் இங்கேயும் ரவுண்ட்ஸ் உண்டு. சாயங்காலம் ஆறடித்தால் குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டை வழியாக ஒரு தேரை வருகிறது. வாளி, குவளை, சோப்புப் பெட்டி என்று ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று முறைத்துவிட்டு நகர்கிறது. போய்ச் சேர்ந்து எட்டு வருஷமான எங்கள் மேட்ரன் அச்சு அசல். அதே தாடை, அதே பார்வை. நானும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்று, "எல்லா பேஷண்டும் நல்லா இருக்காங்க, மேட்ரன்" என்று சொல்லிவைத்தேன். திருப்தியாகப் போய்விட்டார்.

அண்ணனிடம் நீதான் எனக்காகப் பேச வேண்டும். வீடு அவர் பேரில் இருக்கிறது. "ஒரு வருஷம் இருந்து பாரு. தனியா சமாளிக்க முடியலேன்னா பூட்டிட்டு வந்துடணும்" என்று சொல்லித்தான் விட்டார். என் பேச்சு அவர் காதில் ஏறாது, கடைக்குட்டி உன் பேச்சுதான் ஏறும். எனக்கு இந்த வீடு வேண்டும் வாலு. வாழ்நாளில் நான் ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

மாற்றுச் சாவியை இதோடு வைத்திருக்கிறேன். அவசரத்துக்கு உன்னிடம் இருக்கட்டும். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன் பிரியமுள்ள
அக்கா


ஜூன் 15

என் அக்காவுக்கு,

மேட்ரன் கதையைப் படித்துவிட்டு ஆபீஸில் தனியாகச் சிரித்து மாட்டிக்கொண்டேன்.

குட்டியைப் பார்த்துக்கொள்ள வந்த பெண் போன வாரம் நின்றுவிட்டாள். இது மூன்றாவது ஆள். நீ மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால்... சரி, விடு.

நிறைய எழுது அக்கா. எதையும் விடாதே. பூச்சி, பொட்டு, பாம்பு எது வந்தாலும் மறைக்காமல் எழுது. உன் கடிதம்தான் எனக்கு மருந்து. அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்
வாலு


ஜூலை 9

அன்புள்ள வாலுக்கு,

மருந்து கேட்டாயே, மூன்று வேளைக்கும் சேர்த்து அனுப்புகிறேன்.

ஒரு அணில் ஜன்னல் வழியாக வந்து என் தலையணையிலிருந்து பஞ்சைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறது. பிரசவம் நெருங்கிவிட்டது போலிருக்கிறது. பாவம், எத்தனை நடை நடக்கும்? தையலைப் பிரித்துப் பஞ்சை ஜன்னலோரம் குவித்து வைத்துவிட்டேன். இப்போது துணியை மடித்துத் தலைக்கு வைத்துப் படுக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சமையலறையில் ஒரு பாம்பு. விஷமில்லாத ஜாதிதான். "விசிட்டர் டைம் முடிஞ்சுடுச்சு, கிளம்புங்க" என்று துடைப்பத்தால் வழிகாட்டினேன். கௌரவமாகப் போய்விட்டது.

மூன்றாவது, வாசல் கதவின் சாவித் துவாரத்துக்குள் ஒரு குளவி மண் வைத்துக் கூடு கட்டி, முட்டையிட்டு, வாயை அடைத்துவிட்டுப் போயிருக்கிறது. சாவி நுழையவில்லை. ஒரு குச்சியால் குத்தினால் தீர்ந்தது. மனசு வரவில்லை. குஞ்சு பறக்கிற வரைக்கும் பின்கதவால் போய் வருகிறேன். பிரசவ வார்டுக்காரி வேறென்ன செய்வாள்?

ஒரு ஆளைப் பிடித்தாயா? குட்டிக்கு என் முத்தம்.

உன் பிரியமுள்ள
அக்கா


ஜூலை 20

அக்கா,

வேலை தலைக்கு மேல், அதனால் நாலு வரிதான். பாம்பு வேறு என்றைக்காவது வந்ததா? மேட்ரனிடம் தினமும் பேசுகிறாயா? தேதி போட்டு எழுது, படிக்கக் கோர்வையாக இருக்கும்.

அண்ணன் அந்தப் பக்கம் வருகிறார். கூட ஒரு நண்பரும் வருவார். நல்லபடியாகப் பேசு.

வாலு


ஆகஸ்ட் 6

வாலு,

வந்தார்கள். நல்லபடியாகத்தான் பேசினேன்.

நண்பர் பேச்சோடு பேச்சாக, "இன்னிக்கு என்ன கிழமைம்மா?" என்றார். பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். புத்தித் தெளிவைச் சோதிக்கும் இந்தக் கேள்விகளை மற்ற வார்டுகளில் எத்தனை கட்டில்களின் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். இரண்டு வரைக்கும் இறங்கிவிட்டு, "நீங்க மனநல டாக்டர்தானே?" என்றேன். மனிதர் ஒப்புக்கொண்டார். "மேட்ரன் இன்னும் வராங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அந்தப் பேரை உனக்கு மட்டும்தான் எழுதியிருந்தேன்.

அவர் பையைத் திறந்தார். என் கடிதங்களின் நகல். வரிக்கு வரி பச்சை மையில் கோடு. ஓரத்தில் உன் குண்டுக் கையெழுத்து: "செத்துப்போனவரிடம் தினமும் பேசுகிறாள்." "தலையணையைப் பிரித்துப் போடுகிறாள்." "பாம்புக்குப் பயமே இல்லை." "வாசல் கதவைத் திறப்பதில்லை."

ஆறு மணி ஆனது. டாக்டரைக் குளியலறைக்குக் கூட்டிப் போனேன். தேரை வந்து வாளியின் முன்னால் நின்று முறைத்தது. அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "எங்க ஆஸ்பத்திரியிலயும் இப்படி ஒருத்தங்க இருந்தாங்க" என்றார். பிறகு குளவிக் கூட்டையும் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு ஒண்ணும் இல்ல சார்" என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் போகும்போது, "சின்னவ சொன்னதை நம்பிட்டேன். நீ இங்கேயே இரு, இனிமே யாரும் கேட்க மாட்டாங்க" என்றார்.

வீடு கிடைத்துவிட்டது. ஆனால் நீ என்னை நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாய். விடாமல் எழுது, மறைக்காமல் எழுது என்று கேட்டாயே, இதற்குத்தானா?

அக்கா


ஆகஸ்ட் 14

அக்கா, என் அக்கா,

கெட்ட எண்ணம் இல்லை என்று மட்டும் நம்பு. குட்டியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. வேலையை விடு என்று இவர் பிடிவாதம் பிடிக்கிறார். அண்ணன் வீட்டைப் பூட்டச் சொன்னால் நீ என்னிடம்தானே வருவாய் என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். கேட்டால் மாட்டேன் என்பாய், நீ ஆசைப்பட்ட வீடாயிற்றே.

திட்டியாவது எழுது. மேட்ரன் எப்படி இருக்கிறார்?

உன்
வாலு


ஆகஸ்ட் 25

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. தேதி போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

கேட்டிருந்தால் வந்திருப்பேன். "அக்கா, என்னால முடியல, வாயேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். வீடாவது, தேரையாவது, அன்றைக்கே பூட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன். உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். இது உனக்குத் தெரியாமல் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மேட்ரனைப் பற்றி விசாரித்திருந்தாய். இங்கே மேட்ரன் என்று யாரும் இல்லை. மழைக்காலம், தேரைகள் வரும், போகும்.

குளவிக் குஞ்சு முந்தாநாள் மண்ணைத் துளைத்துக்கொண்டு பறந்துவிட்டது. துவாரத்தைத் துடைத்து, வாசல் கதவைத் திறந்தாயிற்று. பூட்டு நன்றாக வேலை செய்கிறது. உன்னிடம் இருக்கும் மாற்றுச் சாவியைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடவும்.

இப்படிக்கு,
தலைமைச் செவிலி (ஓய்வு)