ஆறு வாரப் படுக்கை

13-3-84, செவ்வாய்

காலையிலேயே நல்ல வெயில். சேலம் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள். இன்றுதான் பேனா பிடிக்க விட்டார்கள். ஞாயிறு காலை நாமக்கல் பட்டறையில், லாரிக்குப் பாடி கட்டும்போது, நெஞ்சில் பாரம். வேர்வை. இடது கை கழன்று விழுவதுபோல். ஹார்ட் அட்டாக் என்றார்கள். வேறு யாரையோ சொல்கிறார்கள் என்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாக்குக்கு அடியில் மாத்திரை. ஊசி. ஆக்ஸிஜன். இ.சி.ஜி. இரண்டு முறை. உப்பில்லாத கஞ்சி. பீடி கிடையாது.

பக்கத்துக் கட்டில் ஆத்தூர்க்காரர் விடியும்போது போய்விட்டார். அவருக்கும் இதே ஊசி, இதே மாத்திரைதான். விரிப்பை மாற்றினார்கள். பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

14-3, புதன்

டாக்டருக்குச் சின்ன வயது. எழுந்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். என் மனைவி சரசு பதறிவிட்டாள்.

"ஏனுங்க டாக்டரே, அசையவே கூடாதும்பாங்களே? இவுங்க அண்ணனை ஆறு வாரம் படுக்கோணும்னு சொன்னாங்களே!"

"அது அப்பங்கம்மா. இப்ப எல்லா ஊர்லயும் சீக்கிரமா எழுப்பி உட்டுடறாங்க. படுத்தே கெடந்தா கால்ல ரத்தம் கட்டிக்கும். அது நுரையீரலுக்குப் போனா உசுருக்கே ஆபத்து."

கால் மணி நேரம் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் சைக்கிளுக்குக் காற்றடித்தார்.

அண்ணனுக்கு அட்டாக் வந்தது எழுபத்திரண்டாம் வருஷம். ஐந்தாவது வாரம் ஒரு கால் வீங்கியது. மறுநாள் மூச்சுத் திணறல். அவ்வளவுதான்.

டாக்டர் சொன்னதை அண்ணியிடம் சொல்ல வேண்டாம் என்று சரசுவிடம் சொன்னேன்.

17-3, சனி

வராந்தாவில் முதல் நடை. பாதி தூரத்தில் நிமிர்ந்தால் எதிரே அண்ணி. ராசிபுரத்திலிருந்து பஸ்ஸில். கையில் இட்லியோடு தூக்குப்போசி.

"என்ன சாமி, எந்திரிச்சு நடக்கறே? போ, படு."

"நடக்கத்தான் சொல்றாங்க அண்ணி."

டாக்டர் வந்ததும் அண்ணி அவரிடமே கேட்டுவிட்டார்.

"அப்ப, எங்க ஊட்டுக்காரரையும் நடக்க உட்டிருந்தா பொழச்சிருப்பாருங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"தெரியாதுங்கம்மா. அன்னைக்கு எல்லா டாக்டரும் அப்படித்தான் சொன்னாங்க. அவங்க சொன்னதைத்தானே நீங்க செஞ்சீங்க."

அண்ணி தலையாட்டினார். டாக்டர் போனபின் தூக்குப்போசியைத் திறந்தார். பிறகு, இட்லியைப் பிட்டுக்கொண்டே:

"ஒரு நா வாசல்ல போயி உக்காரோணும்னு கெஞ்சுனாரு சாமி. நாந்தான் காலைப் புடிச்சுப் படுக்க வெச்சேன்."

இட்லி தின்றேன். நாலு. ருசி தெரியவில்லை.

18-3, ஞாயிறு

மேகமூட்டம். சரசு மாற்றுத் துணி எடுத்துவர ஊருக்கு. அண்ணி போகவில்லை. கட்டிலுக்குக் கீழேயே பாய்.

காலையில் நான் எழுந்ததும் வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வராந்தா கோடி வரை போய்த் திரும்பினோம். டாக்டர் இரண்டு நடை சொல்லியிருந்தார். ஒன்றிலேயே கால் நடுங்கியது.

"போதுங்க அண்ணி."

கையை விடவில்லை.

"இன்னொரு நடை, சாமி."

நடந்தேன்.